சங்கு ஊதுபவரின் வீடு

அணுமின் நிலையத்தின் அபாயச் சங்கைப் பராமரிப்பதுதான் சித்தப்பாவின் வேலை. ஊரெங்கும் கம்பங்களில் ஒலிபெருக்கிகள். அவற்றை ஒலிக்க வைக்கும் பொத்தான் அவர் அறையில்.

"எங்களுக்கு எப்பண்ணே சங்கு ஊதப்போறீங்க?" என்று தெருமுனைக் கடைக்காரர் கேட்பார்.

"அவசரப்படாதீங்க, வரிசையில வாங்க."

ஒருமுறை சோதனைக்காக ஊதினார். முன்கூட்டியே அறிவித்திருந்தும் அது சோதனைதான் என்று யாரும் நம்பவில்லை. சந்தைப் படிக்கட்டில் கூட்டம் அலறி ஓடியதில் தையல்காரர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். தேர்தல் நேரம் வேறு. நிலையத்தை மூடச் சொல்லி ஊர்வலங்கள் கிளம்பின; பாதி எழும்பியிருந்த இரண்டாவது உலையின் வேலை நின்றது. ஜெயித்து வந்த அமைச்சர் அதை மறுபடி தொடங்கிவைத்தார். அந்த மேடையிலேயே, "இனிமே அந்தச் சத்தம் உங்க காதுல விழாது" என்று வாக்குக் கொடுத்தார். ஊரே கைதட்டியது.

அதன்பின் மேலிடத்து அனுமதி இல்லாமல் பொத்தானைத் தொடக்கூடாது. பொத்தானின் மேல் விளக்கு எரிகிறதா என்று மட்டும் சித்தப்பா பார்த்து வந்தார். அழுத்தினால் சத்தம் வருமா என்பது அவருக்கே தெரியாது.

கல்லூரி முடித்து வேலை தேடியபடி நான் அவர்கள் வீட்டில் தங்கியிருந்தேன். ஒரு முற்பகலில் போன் அடித்தது.

"சித்திகிட்ட ஜன்னலெல்லாம் சாத்தச் சொல்லு."

"ஏன் சித்தப்பா?"

"தூசிம்மா."

வெளியே இலை அசையவில்லை.

"சங்கு ஊதலையே?"

"மேல கேட்டிருக்கேன். பொறுங்கன்னு சொல்றாங்க. ஒண்ணுமில்லாததுக்கு ஊதி, இன்னொருத்தர் செத்தா? நீ போய்ச் சாத்து."

சித்தி ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்தத் தொடங்கினாள். எதிர்மாடியிலிருந்து அந்த வீட்டு அக்கா சிரித்தாள்: "என்னக்கா, இந்த வெயில்ல உள்ளயே வெந்து சாகப்போறீங்களா?"

சித்தி நிமிர்ந்து அவளைப் பார்த்துவிட்டு, கடைசி ஜன்னலையும் சாத்தினாள். அக்காவின் சிரிப்பு பாதியில் நின்றது. அவள் வீட்டு ஜன்னல் மூடியது. பிறகு அடுத்த வீடு, அதற்கடுத்த வீடு.

ஒரு குழாயில் சிறு கசிவு, உள்ளேயே அடைத்துவிட்டோம், வெளியே எதுவும் வரவில்லை என்று மாலையில் அறிவிப்பு வந்தது. உண்மையாகவே இருக்கலாம். சித்தப்பா வீடு திரும்பும்போது கடைக்காரர் மெதுவாகக் கேட்டார்.

"அண்ணே, உங்க வீட்டுக்கு மட்டும் ஊதினீங்களாமே?"

சித்தப்பா தலையைக் குனிந்தபடி வீட்டுக்கு நடந்தார். அவரைக் கோழை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. படித்த பெண்தானே, நீ என்ன செய்திருப்பாய் என்று என்னைக் கேட்டால் எனக்கும் சொல்லத் தெரியாது.

இப்போது தெரு சங்கை நம்பியில்லை. எங்கள் ஜன்னலைப் பார்க்கிறது. பல் தேய்க்கும்போது, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புமுன், ஒரு பார்வை.

போன வாரம் சாரல் அடித்து மெத்தையெல்லாம் நனைந்தது. ஜன்னலைச் சாத்த சித்தி எழுந்தாள்.

"வேணாம், விடு" என்றார் சித்தப்பா.

எதிர்மாடியில் அக்கா குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, சித்தியின் கையையே பார்த்து நின்றிருந்தாள்.