படியில் ஒரு கேட்

அம்மா தங்கமானவள் என்று சாவுக்கு வந்தவர்கள் எல்லோரும் சொன்னார்கள். பொய். அந்தக் கட்டடத்தில் அவளோடு சண்டை போடாத ஆள் கிடையாது. ஜாக்கெட் இறுக்குகிறது என்று யாராவது திருப்பிக் கொண்டுவந்தால், "துணி சுருங்கல, நீதான் பெருத்துட்ட" என்பாள். தையல் நன்றாக இருந்ததால் திட்டிக்கொண்டே மறுபடி வந்தார்கள்.

தரைத்தளத்தில் தெருப்பக்கம் அம்மாவின் தையல் அறை. பின்னால் இஸ்திரிக்காரர் குடும்பம். மாடி முழுக்க வீட்டுக்காரர். படி திரும்பும் இடத்தில் ஓர் இரும்புக் கேட். கீழ்வீட்டு ஆட்கள் ஏறி வரக் கூடாது என்று எப்போதும் பூட்டியிருக்கும். எல்லா வீட்டுக்கும் மெயின் போர்டு கேட்டுக்குக் கீழே, படிச் சுவரில். ஆறு இரண்டு தெரு தள்ளி.

முன்பு ஒரு வெள்ளத்தில், கணுக்கால் தண்ணீரில் நின்றபடி அம்மா மெஷின் மோட்டாரைத் தொட்டுவிட்டாள். கரண்ட் தூக்கி எறிந்தது. அன்றிலிருந்து சாக்கடை எதிர்த்து வந்தாலே போதும், தண்ணீர் வாசல் ஏறுவதற்குள் எல்லா வீட்டு ஃப்யூஸ் கட்டைகளையும் பிடுங்கி மடியில் முடிந்துகொள்வாள். துணி, அரிசி எல்லாம் அப்புறம். மாடியில் டி.வி. அணையும், கூச்சல் கிளம்பும். 'பீஸ் பிடுங்கி' என்று பட்டம் வைத்தார்கள். அப்படிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்ப்பாள்.

இந்த முறை வெள்ளம் வந்தபோது நான் வெளியூரில் இருந்தேன். பாலத்தை மூடிவிட்டார்கள். நடந்ததை இஸ்திரிக்காரர் மனைவிதான் சொன்னாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அம்மாவும் அவளும் இரண்டு குழந்தைகளும் படியேறி நின்றார்கள். வழியில் தகரம் கிழித்து அம்மாவின் காலில் ரத்தம்; மடியில் பிடுங்கிய கட்டைகள். இஸ்திரிக்காரர் கீழே தொடையளவு தண்ணீரில் துணி மூட்டைகளைப் பரணில் ஏற்றிக்கொண்டிருந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரர், கையில் சாவி. கீழே நடையில் மோட்டாரை இறக்கி வைத்திருந்தார், உள்ளே வந்த தண்ணீரை இறைக்க. அதன் ஒயர் டேப் சுற்றிய ஒட்டு ஒயர்.

"கட்டையக் குடு, கேட்டத் திறக்கறேன்."

"ஆத்தையே மோட்டார் போட்டு எறைக்கப் போறீங்களா? தண்ணில ஆள் நிக்கிறாரு."

"அவருக்கு ஒண்ணும் ஆகாது. குடு."

அம்மா குழந்தைகளைப் பார்த்தாள். மடியை அவிழ்த்து, கட்டைகளைப் படிக்குக் கீழே தண்ணீரில் விட்டெறிந்தாள்.

"போய்த் தேடிக்கோங்க."

வீட்டுக்காரர் கேட்டைத் திறந்து இஸ்திரிக்காரர் மனைவியையும் குழந்தைகளையும் உள்ளே இழுத்தார். பிறகு மேலே வந்த இஸ்திரிக்காரரையும் விட்டார். அம்மாவை விடவில்லை. "நீ அங்கயே நில்லு, புத்தி வரட்டும்."

தண்ணீர் கேட் வரை ஏறியது. படகு வரும்வரை, சாக்கடை கலந்த தண்ணீரில், கிழிந்த காலோடு அம்மா கம்பியைப் பிடித்து நின்றாள். மேலே யாரும் வாய் திறக்கவில்லை. "வாடகைக்கு இருக்கறவங்க, நாங்க என்னக்கா பேச முடியும்?" என்றாள் இஸ்திரிக்காரர் மனைவி.

எலிக்காய்ச்சல். சிறுநீரகம் நின்றது. அம்மா போய்விட்டாள்.

எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரர் இறங்கி வந்தார். கையில் அந்தக் கட்டைகள், சேறு கழுவப்பட்டு.

"உங்கம்மா எனக்குக் கூடப் பொறந்தவ மாதிரி. நீங்க கரண்ட் படிச்சவங்க, இதைக் கொஞ்சம் மாட்டிக் குடுங்க. மாடியே இருட்டாக் கெடக்கு."

ஒயரின் காப்பைச் சோதிக்கும் மீட்டரை எடுத்து லைனில் வைத்தேன். முள் பூஜ்யத்தை விட்டு எழும்பவில்லை, காப்பு மொத்தமும் போயிருந்தது. ஒயருக்குள் எல்லாம் தண்ணீர். கட்டையை மாட்டினால் சுவரிலும் கரண்ட் பாயும். இஸ்திரிக்காரர் குழந்தைகள் அந்தச் சுவரில்தான் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். எழுப்பி அந்தப் பக்கம் போகச் சொன்னேன்.

கட்டைகளை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

"இந்தக் கேட்டைக் கழட்டுங்க. அது போனாத்தான் நான் ஒயர்ல கை வெப்பேன்."

"திருடன் வருவான்."

"தண்ணி வரும்."

"அம்மாவுக்குத் தப்பாமப் பொறந்திருக்கீங்க."

ஸ்பேனரை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. பின்னாலிருந்து இஸ்திரிக்காரரின் கை வந்து வாங்கியது. போல்ட் எல்லாம் துருப்பிடித்திருந்தது. வீட்டுக்காரர் மாடிக்குப் போய் அங்கிருந்து கத்திக்கொண்டே இருந்தார். இஸ்திரிக்காரர் நிமிரவில்லை.

கேட் சுவரோடு சாய்ந்தது. அவருக்கு நன்றி சொல்லவில்லை நான். மெயின் போர்டைத் திறந்தேன்.