ஏலக்காய் ஸ்டோரில் போட்ட சண்டை

எனக்குக் கொடுத்திருந்த பதவியின் பெயரைப் பலகையில் எழுத இரண்டு வரி வேண்டியிருந்தது. ஆராய்ச்சி முடித்து வெளியே வருகிற இளம்பிள்ளைகளைத் தொழில் செய்கிறவர்களோடு சேர்த்துவைப்பது என்பதுதான் அதன் சாரம். மதுரைப் பக்கத்தில் ஒரு பல்கலைக்கழகம். நானும் அங்கேதான் உணவுத் தொழில்நுட்பத்தில் முனைவர் பட்டம் வாங்கினேன். சொந்த ஊர் ராசிங்காபுரம். போடி வியாபாரிகள் எனக்குப் பழக்கம், அவர்கள் பேச்சு புரியும் என்பதால் அந்த நாற்காலியில் என்னை உட்கார வைத்தார்கள்.

உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, அங்கே யாருக்கும் சேர்த்துவைப்பதில் அக்கறை கிடையாது. ஒப்பந்தம் போட வேண்டும், சால்வை போர்த்த வேண்டும், படம் எடுக்க வேண்டும். படத்தின் ஓரத்தில் ஆராய்ச்சி செய்த பிள்ளை பாதி முகம் தெரிய நிற்கும். அடுத்த மாதம் அந்தப் பிள்ளை அந்தக் கம்பெனிக்குப் போன் போட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள். "என்ன ஆச்சு?" என்று மேலே கேட்டால், "அது அவங்க பாத்துக்குவாங்கம்மா" என்பார் எங்கள் இயக்குநர். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யார் பார்த்துக்கொள்வார்கள்? இருபத்தேழு, இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகள். சோதனைக்கூடத்தைத் தவிர வேறொன்றும் பார்க்காதவர்கள். வியாபாரியிடம் எப்படிப் பேசுவது, எதைக் கேட்பது, எதற்கு மாட்டேன் என்பது என்று ஒரு ஆள் சொல்லிக்கொடுத்திருக்கிறாரா?

அப்படி வந்தவள்தான் புதுக்கோட்டைப் பக்கத்துப் பெண் ஒருத்தி. பட்டம் வாங்கி ஒரு வருடம் ஆகவில்லை. ஏலக்காய் உலர்த்த அவளே ஒரு இயந்திரம் செய்திருந்தாள். விறகைப் போட்டுச் சூடேற்றுவதற்குப் பதிலாக, அறைக் காற்றிலிருக்கிற ஈரத்தை அது உறிஞ்சி எடுக்கும். சூடு குறைவு, அதனால் காயின் பச்சை நிறம் போகாது. சோதனைக்கூடத்தில் அவள் உலர்த்திய காயை நான் கையில் வாங்கிப் பார்த்தேன். இப்போதுதான் செடியிலிருந்து கிள்ளியதுபோல இருந்தது.

போடியில் எனக்குத் தெரிந்த முஸ்லிம் வியாபாரி ஒருவரிடம் சொன்னேன். ஊரில் எல்லோருக்கும் அவர் பாய். மூன்று தலைமுறையாக ஏலக்காய் வாங்கி விற்கிற குடும்பம். போடிமெட்டைத் தாண்டி, கேரளப் பக்கத்தில் அவருக்கு ஒரு ஸ்டோர் உண்டு. மலையில் ஏலக்காய் உலர்த்துகிற கட்டடத்தை அப்படித்தான் சொல்வார்கள். பாய் உடனே வரச்சொன்னார். "வெறகுக்கு அலைஞ்சு சாகுறேன் ஆத்தா. அந்தப் புள்ளயக் கூட்டிட்டு வெரசா வா."

கூட்டிக்கொண்டு நான் மட்டும் போயிருந்தால் கதை வேறு. இயக்குநர் தானும் வருவேன் என்றார். பாயின் கடையில் போய் உட்கார்ந்ததிலிருந்து அவர்தான் பேசினார். பல்கலைக்கழகம் எந்த வருடம் தொடங்கியது, எத்தனை துறை, எந்தெந்த நாட்டோடு தொடர்பு. பாய் மரியாதைக்குத் தலையாட்டிக்கொண்டு டீ வரவழைத்தார். இயந்திரத்தைப் பற்றிக் கேட்டதற்கும் இயக்குநரே பதில் சொன்னார், அதிலும் பாதி தப்பு. அந்தப் பெண் வாயைத் திறக்கப் போன ஒவ்வொரு தடவையும், "அதத்தான் நான் சொல்ல வர்றேன்" என்று அவளை அமுக்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தேன். வெளியே வரும்போது பாய் இயக்குநரிடம் கை கொடுத்து, பறிப்புக் காலத்தில் ஸ்டோரில் ஒரு அறையை அவர்களுக்காக ஒதுக்கி வைப்பதாகச் சொன்னார். அவளைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. இயந்திரத்தை வளாகத்துக்கு வெளியே கொண்டுபோக அனுமதி வேண்டும். அனுமதிக்கு இயக்குநர் கையெழுத்து வேண்டும். அவர் வெளிநாட்டில் இருந்தார். தொழில்துறையோடு கைகோத்து நடப்பது எப்படி என்று ஒரு மாநாட்டில் பேசப் போயிருந்தார். இதை நான் இட்டுக்கட்டிச் சொல்லவில்லை. திரும்பி வந்ததும், பெண் பிள்ளை மலையில் போய்த் தங்குவதா என்று ஒரு குழு கூடியது. அந்தக் குழுவில் ஒரு பெண்கூட இல்லை. பிறகு இயந்திரத்துக்குக் காப்பீடு உண்டா என்று இன்னொரு குழு. தார்ப்பாய் போர்த்திய இயந்திரம் தாழ்வாரத்திலேயே கிடந்தது. அவள் காலையில் வந்து அதைப் பார்த்துவிட்டுத் தன் அறைக்குப் போவாள்.

மேலே காய் பறித்துக்கொண்டிருந்தார்கள். பாய் போன் போட்டார். அவர் அதட்டிப் பேசி அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை.

"ஏத்தா, ஒங்க ஆபீசுல கையெழுத்துப் போடுற வரைக்கும் காய் செடியிலயே நிக்குமா? ஒங்களுக்குன்னு ஒரு அறையச் சும்மா போட்டு வச்சிருக்கேன். பச்சக்காய் மூட்ட மூட்டயா வந்து எறங்குது, போட எடமில்ல. பக்கத்து ஸ்டோர்க்காரன்கிட்டப் போயி கெஞ்சிக்கிட்டு நிக்கிறேன். வேலையாளுகளே என்னயப் பாத்துச் சிரிக்கிறானுக."

"பாய், நான் என்ன செய்யட்டும்..."

"வர்றியா, வரலயான்னு சொல்லு. அது போதும்."

அவர் சொன்ன ஒரு சொல்லுக்கும் என்னிடம் மறுப்பு இல்லை. அன்றே இயக்குநர் அறைக்குப் போய், கையெழுத்துப் போடும்வரை போகமாட்டேன் என்று நின்றேன். போட்டார். "கொஞ்சம் பொறுமையா இருக்கக் கத்துக்கோங்கம்மா" என்று எனக்குப் புத்திமதியும் சொன்னார்.

நாங்கள் ஏறிய நேரம், முதல் எடுப்பு முடிந்து அடுத்த சுற்றுப் பறிப்பு நடந்துகொண்டிருந்தது. மழை விடவில்லை. தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப்பில் முன்னால் நாங்கள், பின்னால் இயந்திரம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் அவள் திரும்பித் திரும்பி அதையே பார்த்துக்கொண்டு வந்தாள். போய்ச் சேர்ந்ததும் இயந்திரத்தை அறைக்குள் இறக்கி, அன்று வந்த பச்சைக் காயைத் தட்டுகளில் பரப்பி, பொழுது சாயும் நேரத்தில் ஓட்டிவிட்டாள். நன்றாகத்தான் ஓடியது.

மறுநாள் காலையில் அறையைத் திறந்தபோது புளித்த வாடை வந்தது. மின்சாரம் இறங்கி இறங்கி, ஒரு கட்டத்தில் இயந்திரம் நின்றுபோயிருக்கிறது. ஸ்டோர் மேஸ்திரி, "வோல்டேஜ் தீரே இல்லா சேச்சி, இவிடெ எப்பவும் இங்ஙனதான்" என்று பாதி மலையாளத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துகொண்டார். தட்டு தட்டாக இழுத்துப் பார்த்தோம். மேல்தட்டில் கொஞ்சம் பச்சை இருந்தது. மற்றதெல்லாம் வெளுத்துப்போய், வாய் பிளந்து கிடந்தது. அவள் ஒரு காயைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள்.

பாய் போடியிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கினார். நேராக உள்ளே வந்தார். ஒரு கை அள்ளிப் பார்த்தார்.

"என்னம்மா இது? பச்சையக் காப்பாத்துறேன்னு சொல்லிட்டு வைக்கோலாட்டம் ஆக்கி வச்சிருக்க?"

"வோல்டேஜ் எறங்கிருச்சு சார். மெஷின் நின்னுருச்சு."

"மலையில கரண்டு அப்படித்தான் இருக்கும். சாயங்காலம் ஆனா எல்லா ஸ்டோர்லயும் மோட்டாரப் போடுவான். இதுகூடத் தெரியாமயா வந்த?"

"நீங்க சொல்லலயே சார்."

"நீ கேட்டியா?"

அவள் முகம் சிவந்துவிட்டது. "கேக்க யாரு சார் விட்டா? அன்னைக்கு ஒங்க கடையில எங்க சாருதான் பேசுனாரு. நீங்களும் அவரு மூஞ்சியப் பாத்துத்தான் பேசுனீங்க. மெஷின் என்னோடது. ராவும் பகலுமா நான் செஞ்சது. அது எதுல ஓடும், எதுல நிக்கும்னு என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"எனக்கு என்ன தெரியும்? பெரிய மனுசன் வந்து ஒக்காந்திருக்காரு, அவருகிட்டத்தான பேச முடியும்?"

"அப்ப இந்தக் காயும் அவரு கெடுத்ததுதான். அவருகிட்டயே போயிக் கேளுங்க."

சண்டை வந்தால் இரண்டு பக்கமும் சமாதானம் சொல்லி அனுப்புவதுதான் என் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொல்லவில்லை. இரண்டு பேர் கோபமும் நியாயமாகப் பட்டது. நானும் கோபத்தில்தான் இருந்தேன். மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. பாய் கையிலிருந்த காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு ஒரு சாக்கு மூட்டையில் உட்கார்ந்தார்.

"சரி. இப்பக் கேக்குறேன். சொல்லு."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எதிர் மூட்டையில் உட்கார்ந்தாள். முதலில் விட்டுவிட்டுப் பேசினாள், பிறகு வேகமாக. காய் நிறம் இழப்பது ஆரம்பத்தில், ஈரம் அதிகமாக இருக்கும்போது சூடு படுவதால்தான். அந்த நேரத்துக்கு இயந்திரம் ஓடினால் போதும். கடைசியில் விறகுச் சூடு தாங்கும்.

"அப்ப முழுக்க ஒம் மெஷின் வேண்டாமா?" என்றார் பாய்.

"வேண்டாம் சார். பாதிதான்."

"இத அன்னைக்கே சொல்லியிருந்தா?" என்றவர், அவள் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டார். "சரி, விடு. பகல்ல இங்க கரண்டு நல்லா இருக்கும். காலையில பறிச்ச காய மத்தியானமே எறக்கச் சொல்றேன். சாயங்காலத்துக்குள்ள ஒஞ் சோலிய முடிச்சிருவியா?"

"முடிச்சிருவேன். அடுப்பு எப்ப மூட்டணும்னு நான் சொல்றப்பத்தான் மூட்டணும்."

"நீ சொல்றப்பத்தான்."

மாதக்கணக்கில் குழு கூடியும் மாநாடு போட்டும் வராத பேச்சு அது. எட்டிப்போய் நின்று கேட்டுக்கொண்டிருந்த எனக்கு, ஏன் இதை முதல் நாளே நடக்கவிடவில்லை என்று எங்கள் ஆபீஸ் மேல் ஆத்திரம் இன்னும் கூடியது.

அப்போது இயக்குநர் எனக்குப் போன் போட்டார். நடந்ததைச் சொன்னேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேல்தட்டுல பச்சையா இருக்குன்னீங்களே, அத மட்டும் பொறுக்கி ஒரு படம் எடுத்து அனுப்புங்க. பல்கலைக்கழக விழா வருது" என்றார். முடியாது என்று சொல்லிப் போனை வைத்தேன்.

விழா வந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய பேனர். அதில் பளபளவென்று பச்சை ஏலக்காய், மேலே 'வெற்றிகரமான தொழில் கூட்டுமுயற்சி' என்று கொட்டை எழுத்து. "அது எங் காய் இல்லக்கா. எங்கயோ எடுத்த படம்" என்று அவள் வந்து என் காதில் சொன்னாள். பாயை முன்வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள். அவளைப் பின்னால் தன்னார்வலர்களோடு.

நன்றியுரை என் பொறுப்பு. எழுதிக் கொடுத்ததை மடித்து வைத்துவிட்டுப் பேசினேன். இந்தப் பேனரில் இருப்பது எங்கள் காய் இல்லை, எங்கள் காய் வெளுத்துப்போனது என்றேன். நாங்கள் தாமதமாகப் போனோம், செய்தவளைப் பேசவிடாமல் போனோம், அதனால் ஒருவருடைய சரக்கு கெட்டது என்றேன். அவள் பெயரைச் சொல்லி எழுந்து நிற்கச் சொன்னேன். கூட்டத்தில் இருந்த ஆராய்ச்சிப் பிள்ளைகள் கை தட்டினார்கள். மேடையில் ஒருவரும் தட்டவில்லை. பாய் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அவளிடம் வந்து, "கடைசி எடுப்பு வரப்போகுது, நாளைக்கே ஜீப்பு அனுப்பவா?" என்று கேட்டார்.

அடுத்த வாரமே என்னைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். காரணம் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கடைசி எடுப்பில் அவள் சொன்னபடி பகலில் இயந்திரமும் பிறகு விறகுமாக ஓட்டினார்கள். எல்லாக் காயும் பச்சையாக வந்துவிடவில்லை. ஆனால் ஏல மையத்துக்குக் கொண்டுபோய் வைக்கிற தரத்தில் வந்தது, விறகும் குறைந்தது. பாய்க்கு அது போதுமாக இருந்தது. இப்போது அவள் எங்கள் ஆபீஸ் வழியாகப் போவதில்லை. பாயே நேரடியாகப் பேசுகிறார், இரண்டு பேரும் இன்றும் சண்டை போட்டுக்கொள்கிறார்கள். முதலில் காய் கெட்டதையும் ஏன் கெட்டது என்பதையும் சேர்த்தே அவள் கட்டுரை எழுதினாள். அந்தப் பகுதியை எடுத்துவிடச் சொன்னார்கள். எடுக்கவில்லை.

எனக்குக் கோபம் தணிந்துவிட்டதா என்று வீட்டில் கேட்கிறார்கள். தணியவில்லை. தணியவும் வேண்டாம். என் பழைய அறையில் இப்போது வேறொருவர் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருக்கிறார். பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவில் வந்து என்னிடம் உட்காருகிறார்கள். போன வாரம் ஒரு பையன் வந்தான், மிளகாய் வற்றல் கம்பெனி ஒன்றுக்குப் போகவேண்டுமாம். கூட யார் யார் வருகிறார்கள் என்று கேட்டேன். பெரியவர்கள் நான்கு பேர் என்றான். அவர்கள் போவதற்கு முந்தின நாளே தனியாகப் போய், அந்தக் கம்பெனியில் உண்மையாகவே வேலை பார்க்கிற ஆளிடம் பேசிவிட்டு வரச்சொன்னேன். "அனுமதி வாங்கணுமே அக்கா?" என்றான்.

"பஸ்சுக்கு எதுக்குடா அனுமதி? போ" என்றேன்.