கெண்டைக்கு வந்த அம்மை

முல்லையாற்றில் மீன் பிடித்து விற்கும் பஞ்சம்மாள், வாளியில் கிடந்த கெண்டைகளில் ஒன்றின் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். வெள்ளை வெள்ளையாய்ப் புள்ளிகள். மீனுக்கு அம்மை போட்டுவிட்டதென்று பதறி, வாளிக்குள் வேப்பிலையைப் போட்டாள்.

தாயில்லாமல் அவளிடம் வளர்ந்து, மீன்வளம் படித்து, தேனியில் வேலை பார்க்கும் அக்கா மகள், விடுமுறைக்கு வந்திருந்த உமாதேவி சிரித்துவிட்டாள்.

“அம்மையில்ல சித்தி, ஆத்துச் சிப்பிக் குஞ்சுக. செவுள்ல ஒட்டித்தான் உசுரு பிடிக்கும். பெறகு மணல்ல விழுந்து வளரும். மீனு சொமக்கலேன்னா சிப்பி இனமே அத்துப்போகும்.”

“வளந்த பெறகு, சொமந்த மீனைத் தேடி வருமா?”

“வராது.”

“நன்றி கெட்டதுக!” என்று திட்டிக்கொண்டே வாளியை ஆற்றில் மெல்லச் சாய்த்தாள் பஞ்சம்மாள். கெண்டைகள் போன திசையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“நீ அடுத்த வாரமும் வருவேல்ல, ஆத்தா?”