ஜெசிந்தா மேரி என்று தேடினால்…

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆபீஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது சுந்தரேசன் போன் செய்தான். ஒரே மினிஸ்ட்ரியில் என்னோடு இருபது வருடமாக வேலை பார்ப்பவன். தில்லி சரோஜினி நகரில் குவார்ட்டர்ஸ். அவன் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து அப்போதுதான் வீட்டுக்கு அழைத்து வந்திருந்தான். பகலில் பார்த்துக்கொள்ள ஒரு நர்ஸ் வேண்டும், தமிழ் பேசுகிறவராக இருந்தால் நல்லது என்றான். அப்பாவுக்குப் பேச்சு குழறுகிறது, இந்தி சுத்தமாக மறந்துவிட்டது…

நான் யோசிக்கவே இல்லை. ஜெசிந்தா மேரி என்றேன்.

ஜெசிந்தா தூத்துக்குடிக்காரர். தில்லிக்கு வந்து பதினெட்டு வருடம். இங்கே ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் இருந்தவர், அதை விட்டுவிட்டு வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்த்துக்கொள்கிறார். போன வருடம் என் மனைவி வத்சலாவுக்கு முதுகில் ஆபரேஷன் நடந்தபோது, ஆறு வாரம் எங்கள் கிட்வாய் நகர் வீட்டுக்கு வந்து போனார். கட்டிலில் திரும்பிப் படுக்கவே பயந்தவளை பால்கனி வரை நடக்கவைத்தவர் அவர்தான்.

மறுநாள் சுந்தரேசனிடமிருந்து ஒரு ஸ்க்ரீன்ஷாட் வந்தது. கீழே ஒரே வரி: “இவங்களையா சொன்னே?”

பெயரைத் தேடியிருக்கிறான். யார்தான் தேடுவதில்லை? முன்பெல்லாம் தேடினால் பத்து லிங்க் வரும். எதைத் திறப்பது, எதை விடுவது என்பது நம் பாடு. இப்போது அந்தத் தொல்லையே இல்லை… உச்சியில் பதிலே வந்துவிடுகிறது. வந்திருந்தது. ஜெசிந்தா மேரி தில்லியில் வீட்டு நர்ஸாகப் பணியாற்றுகிறார். முன்பு வேறொரு மாநிலத்தில் தனியார் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, தவறான மருந்தை ஊசியில் ஏற்றியதால் நோயாளி இறந்தார். அதற்காக வேலைநீக்கம் செய்யப்பட்டவர். அழகான ஒரே பத்தி. ஓர் எழுத்துப்பிழைகூட இல்லை.

நான் சிரித்துவிட்டு ‘சும்மா இருடா’ என்று பதில் போட்டிருக்க வேண்டும் இல்லையா?

போடவில்லை. ஆறு வாரம் வத்சலாவுக்கு ஊசி போட்டது அந்தக் கைதானே என்று நினைத்தேன். ஆஸ்பத்திரி வேலையை ஏன் விட்டீர்கள் என்று ஒருமுறை கேட்டபோது, “மனசு விட்டுப்போச்சு சார்” என்று மட்டும் சொல்லியிருந்தார். அப்போது அது களைப்பாகப் பட்டது. இப்போது அதே வார்த்தை வேறு மாதிரிக் கேட்டது.

ஆபீஸில் உட்கார முடியவில்லை. ஃபைலைத் திறப்பேன், மூடுவேன், போனை எடுப்பேன். இன்னொரு சர்ச் எஞ்சினில் தேடினேன் — அங்கேயும் அதே கதை, வார்த்தை மட்டும் வேறு. மூன்றாவது, ‘உங்களை உளவு பார்ப்பதில்லை’ என்று விளம்பரம் செய்கிறதே, அது. அதுவும் இப்போது பதில் சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறது. அதே பதில். மூன்று பேர் ஒரே மாதிரி சொன்னால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?

நாலாவது, கேள்வி கேட்டால் மனிதர் மாதிரி பேசுகிற புது ரகம். ஆமாம், அவர்தான் என்றது. நிச்சயமாகவா என்று கேட்டேன். மன்னிக்கவும், வேறொருவராகவும் இருக்கலாம் என்றது. கொஞ்ச நேரம் கழித்து முதல் கேள்வியையே மறுபடி கேட்டேன். ஆமாம், அவர்தான் என்றது. பணிவு மட்டும் குறையவே இல்லை.

இப்படி இரண்டு நாள். ஜெசிந்தாவின் நம்பர் என் போனில்தான் இருந்தது. கூப்பிட்டுக் கேட்கவில்லை. சுந்தரேசனுக்கும் பதில் போடவில்லை.

வியாழக்கிழமை சாயந்திரம் வத்சலாவிடம் காட்டினேன். படித்தாள். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

“ஆறு வாரம் என்னைக் குளிப்பாட்டினது அவ. இதுக்கு அவளைப் பத்தி என்ன தெரியும்?”

பிறகு மகளைக் கூப்பிட்டாள். நித்யா தில்லியில் பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிப்பது கஷ்டம். வேலை மட்டும் இந்த விஷயத்திலேயே — கம்பெனிகளின் வெப்சைட்டைத் தேடலில் மேலே வரவைப்பது. போனை வாங்கினாள். அந்தப் பதிலை அவள் படிக்கக்கூட இல்லை. கட்டைவிரலால் தள்ளிக்கொண்டே கீழே போனாள்.

“அப்பா, நீச்சே போனீங்களா நீங்க? கீழ?”

போகவில்லை. நாலு இடத்தில் தேடிய நான் ஓர் இடத்தில்கூடக் கீழே போகவில்லை.

கீழே ஒரு பழைய செய்தி இருந்தது. அதில் போட்டோவும் இருந்தது. கண்ணாடி போட்ட, நரைத்த, வேறு ஒரு ஜெசிந்தா மேரி. செய்தியில் சொன்ன காலத்தில் நம் ஜெசிந்தா தில்லியில் வேலைக்குச் சேர்ந்தாகிவிட்டது. ஒரே பெயர், ஒரே தொழில். இரண்டு பெண்களை ஒன்றாகத் தைத்து ஒரு பத்தி.

நித்யா நிறுத்தவில்லை. இன்னும் கீழே, யாரும் போகாத ஆழத்தில், நாலு வரிச் செய்தி ஒன்று கிடைத்தது. மருந்து பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிளே தவறு, நர்ஸின் மேல் பிழை இல்லை என்று விசாரணையில் தெரிந்து, அவரைத் திரும்ப வேலையில் சேர்த்துக்கொண்டார்களாம். அதாவது, அந்த ஜெசிந்தாவும் தப்பு செய்யவில்லை!

ஏன் இப்படி என்று மகளிடம் கேட்டேன். அவள் இந்தியும் தமிழும் கலந்து சொன்னதன் சாரம் இது. இத்தனை வருடம் ஒரு பெரிய கம்பெனி மட்டும் இந்தத் தொழிலில் நிம்மதியாக ராஜ்ஜியம் நடத்தியது. திடீரென்று பேசுகிற ரகங்கள் வந்தன. ஜனங்கள் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்களோ என்று பெரியதற்குப் பயம். உடனே அதுவும் பட்டியலைக் கீழே தள்ளிவிட்டு மேலே பதிலை வைத்தது. அதைப் பார்த்து மற்றவர்கள். முன்பு யார் சரியான இடத்தைக் காட்டுகிறார்கள் என்று போட்டி. இப்போது யார் முதலில் வாயைத் திறக்கிறார்கள் என்று போட்டி. நமக்கும் ஜல்தி. “கிளிக்கே யாரும் பண்றதில்லப்பா,” என்றாள். “என் வேலையே எத்தனை நாளைக்குன்னு தெரியல.”

அதை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்று வந்த கவலைகளில் இன்னொன்று.

சனிக்கிழமை நானும் வத்சலாவும் கௌதம் நகரில் ஜெசிந்தாவின் வீட்டுக்குப் போனோம். குறுகலான படி, மூன்றாவது மாடி, ஒற்றை அறை. ஜெசிந்தா டீ போட்டுக் கொடுத்தார். வேலை எப்படிப் போகிறது என்று வத்சலா கேட்டாள். ரெண்டு மாதமாக ஒன்றுமே அமையவில்லை என்றார். ஆட்கள் விசாரிக்கிறார்கள், பெயர் கேட்கிறார்கள், சொல்கிறேன் என்கிறார்கள், அப்புறம் பேச்சே இல்லை. எல்லோரும் நர்ஸ் ஏஜென்சி பக்கம் போய்விட்டார்கள் போல என்று நினைத்துக்கொண்டிருந்தாராம். ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற யோசனையில் இருந்தார்.

நான் போனை நீட்டினேன்.

மெதுவாகப் படித்தார். திரும்பவும் முதலிலிருந்து படித்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது.

“சார், நீங்க இத நம்புனீங்களா?”

வத்சலா என்னைப் பார்க்கவில்லை, சுவரைப் பார்த்தாள். இல்லை என்று சொல்லியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“ரெண்டு நாள்,” என்றேன்.

ஜெசிந்தா தலையை ஆட்டினார். கோபமா, வருத்தமா என்று முகத்தில் தெரியவில்லை. போனைத் திருப்பிக் கொடுத்தார்.

“ரெண்டு நாள் கழிச்சாவது வந்தீங்களே சார். மத்தவங்க யாரும் வரலியே.”

என் வாழ்க்கையில் யாரும் என்னை இவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை.

பிறகு அவர் கேட்டது, அந்த இன்னொரு நர்ஸுக்கு வேலை திரும்பக் கிடைத்தது நிஜம்தானா என்று. நிஜம்தான் என்றேன். “சரி, அதுவாது நடந்துச்சே,” என்றார்.

அன்றைக்கே நித்யா நாலு கம்பெனிக்கும் புகார் அனுப்பினாள். உங்கள் கருத்துக்கு நன்றி என்று நொடியில் பதில் வந்தது. மனிதர் யாரும் பேசவில்லை. பேச எந்த நம்பரும் இல்லை. வங்கியில் தப்பு நடந்தால் மேனேஜரைப் பார்க்கலாம். ரேஷன் கார்டில் தப்பு என்றால்கூட ஒரு ஜன்னல் உண்டு, வரிசையில் நின்று சண்டை போடலாம். இதற்கு எந்த ஜன்னலில் போய் நிற்பது?

சுந்தரேசனுக்கு இரண்டு செய்திகளையும் அனுப்பிவிட்டுப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டான். புரிந்துவிட்டது என்றான். பிறகு, “இருந்தாலும்…” என்று இழுத்தான். அந்த ‘இருந்தாலும்’ இருக்கிறதே — எந்த ஆதாரமும் அதை அசைக்காது. நான் இரண்டு நாள் அதற்குள்ளேயே குடியிருந்தவன், எனக்குத் தெரியும். வத்சலா என் கையிலிருந்து போனை வாங்கி, திங்கட்கிழமை காலை நாங்கள் வருகிறோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

ஜெசிந்தாவையும் கூட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். ஜெசிந்தா எல்லா சர்டிபிகேட்டையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பதினெட்டு வருடம் இந்த ஊரில் வேலை பார்த்தவர், தான் இன்னொருத்தி இல்லை என்று நிரூபிக்கக் காகிதத்தோடு வந்து நின்றார். சுந்தரேசன் கவரைக் கையில் வாங்கினான், பிரிக்கவில்லை.

ஜெசிந்தா நேரே உள்ளே போய் அவன் அப்பாவின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பெரியவரின் செயலற்ற கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

“ஐயா, உங்க பேரு என்ன?”

பெரியவர் வாயைத் திறந்தார். சத்தம் வந்தது, சொல் வரவில்லை. சுந்தரேசன் வழக்கம்போல அவருக்காகச் சொல்ல வாயெடுத்தான். ஜெசிந்தா திரும்பாமலே கையைக் காட்டி நிறுத்தினார்.

“மெதுவா சொல்லுங்க ஐயா. எனக்கு அவசரமே இல்ல.”

எவ்வளவு நேரம் ஆனது என்று சொல்லத் தெரியவில்லை. எனக்கே கால் மாற்றி நிற்க வேண்டியிருந்தது. கடைசியில் வந்தது… “ரா… ம… நா… தன்.” வீட்டுக்கு வந்த பிறகு அவர் முழுதாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதானாம். சுந்தரேசன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். பிறகு வெளியே வந்து, நாளையிலிருந்தே வர முடியுமா என்று தாழ்ந்த குரலில் கேட்டான்.

இப்போது மூன்று வாரம் ஆகிறது. பெரியவர் சாய்ந்து உட்கார்கிறார். சுந்தரேசன் சொல்லி இன்னொரு வீட்டிலிருந்தும் ஜெசிந்தாவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. ஊருக்குத் திரும்பும் பேச்சு இல்லை.

நான்தான் இன்னும் நிம்மதியாக இல்லை. தினமும் காலையில் நாலு இடத்திலும் அந்தப் பெயரைத் தேடுகிறேன். மூன்று இடங்களில் திருத்திவிட்டார்கள். நாலாவது இன்னும், ஆமாம், அவர்தான் என்கிறது.

அடுத்த மாதம் அதற்குப் புது வெர்ஷன் வருகிறதாம் — இன்னும் வேகமாகப் பதில் சொல்லுமாம்.