பூனைக்கு வைத்த மீன்

எங்கள் வீட்டில் நின்ற பூனை மகனுடையது. கரையில் கிடந்த வலைக் குவியலுக்குள் தாய் விட்டுப்போன குட்டியை, கண் திறக்காத நாளிலேயே கட்டியிருந்த சாரத்து மடியில் போட்டுக் கொண்டுவந்தான். பழுப்பும் வெள்ளையுமான பூனை. கடலால் வந்ததும் மீன் கொண்டுவருகிற பனையோலை உமலைக் கவிழ்த்து, முதல் மீனை அதற்குத்தான் எறிவான். அவனுடைய தாய் ஏசுவாள்.

"மனுசருக்குச் சட்டியிலை வைக்க முன்னம் பூனைக்கோடா?"

"அது ராத்திரி முழுக்கக் காத்துக்கொண்டு நிண்டதணை அம்மா. நீங்கள் நித்திரைதானே கொண்டனீங்கள்?"

அப்படிப் பழகின பூனை. கருவாடென்றால் முகர்ந்து பார்த்துவிட்டு, நாங்கள் ஏதோ மரியாதைக் குறைவாக நடந்துவிட்டதுபோல் எழும்பிப் போகும்.

இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்தின ஒரு ஐப்பசி மாதம். நான் முழங்கால் வாதத்தால் தொழிலுக்குப் போவதை விட்டு, குருநகரில் வீட்டோடு இருந்து கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தேன். மகனும் அவனுடைய கூட்டாளி ஒருவனும் ஒரு பின்னேரம் பாய் வள்ளத்தில் போனார்கள். இருட்டின பிறகு காற்றும் மழையும் பிடித்தது. விடிய மற்ற வள்ளங்கள் ஒவ்வொன்றாய் வந்து சேர்ந்தன. அவர்களுடையது வரவில்லை. தேடிப்போனவர்கள் தீவுப்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வந்தார்கள். உடம்பும் இல்லை, வள்ளமும் இல்லை, ஒரு பலகைத் துண்டும் இல்லை.

பலகைத் துண்டுகூட இல்லை என்பதை நான் பிடித்துக்கொண்டேன். வள்ளம் உடைந்திருந்தால் ஏதாவது ஒதுங்கியிருக்குமே. என் இளவயதில் எங்கள் கரைக்காரன் ஒருவன் காற்றில் அள்ளுண்டு இந்தியக் கரையில் போய் ஒதுங்கினான். அங்கே யாரோ கஞ்சி வார்த்துக் காப்பாற்றி, மாதங்கள் கழித்துத் தாடியும் தானுமாகத் திரும்பி வந்தான். வந்தபோது அவனுடைய ஆத்துமத்துக்குப் பூசை வைத்து ஊருக்கெல்லாம் சோறும் போட்டு முடித்திருந்தார்கள். "என்ரை பூசைச் சோத்திலை எனக்கு மிச்சமில்லையோ?" என்று அவன் கேட்டதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவர்கள் நாங்கள். என் பிள்ளையும் அப்படி வருவான் என்றுதான் நான் இருந்தேன்.

என் மனைவி அப்படி இருக்கவில்லை. காற்று அடித்த இரவிலேயே தன்னுடைய வயிற்றுக்குள் ஏதோ அறுந்ததென்று சொன்னாள். அடுத்த நாளே பச்சை மீன் வீட்டுக்குள் வரக்கூடாது என்று நிறுத்திவிட்டாள். கடலில் போனவனின் உடம்பு கிடைக்காத வீட்டுக்காரர், ஆத்தும இளைப்பாற்றிப் பூசை வைக்கும்வரை பச்சை மீன் எடுப்பதில்லை. இது கோயில் சொன்னதல்ல, எங்கள் பழைய ஆட்கள் செய்துவந்தது. ஏன் என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அவள் சொன்னாள்.

"அந்தக் கடல் மீன் இப்ப எதைத் திண்டிருக்கோ ஆருக்குத் தெரியும்? அதை என்ரை கையாலை தொடச் சொல்லுறியளோ?"

நாங்கள் தின்னாமல் இருந்துகொள்ளலாம். முருங்கையிலைச் சொதியும் சோறும் எங்களுக்குப் போதும், உண்மையில் அதுவும் இறங்கவில்லை. பூனைக்கு என்ன வைக்கிறது?

அடுப்புக்கு மேலே ஒரு உமலில் கட்டாக் கருவாடு தொங்கியது. கோடை வெயிலில் மகன் தன் கையால் கீறி, உப்பிட்டு, மணலில் ஓலைப்பாய் விரித்துக் காயவைத்தது. அது அவன் போவதற்கு முந்திப் பிடித்த மீன், ஆகையால் அதில் குற்றமில்லை என்பது அவளுடைய எண்ணம். ஒரு துண்டை எடுத்து, உப்புப் போக வெந்நீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி ஊறவைத்து, முள் எடுத்துச் சோற்றோடு பிசைந்து அடுக்களை வாசலில் வைப்பாள். பூனை வந்து முகரும். அவளை ஒருமுறை நிமிர்ந்து பார்க்கும். போய்விடும்.

என்னுடைய ஒன்றுவிட்ட தங்கச்சி ஒருத்தி மீன் விற்கிறவள். கடகத்தோடு போகிறவள் ஒரு நாள் வேலிப் படலையில் நின்று எட்டிப் பார்த்தாள்.

"என்ன மச்சாள், உந்தப் பூனைக்கும் தபசு காலம் வைச்சிட்டியளோ?"

"உனக்குப் பகிடி."

"பகிடியில்லை மச்சாள். உப்புச் சாமான் பூனைக்கு ஆகாது. மயிர் கொட்டும், தண்ணி தண்ணியெண்டு அலையும். விலா எலும்பைப் பாருங்கோவன், எண்ணலாம்போலை கிடக்கு. ரண்டு சூடை மீன் போட்டிட்டுப் போறன், நீங்கள் அங்காலை திரும்பிக்கொள்ளுங்கோ."

"என்ரை அடுக்களைப் பக்கம் போடாதை. சொல்லிப்போட்டன்."

தங்கச்சி என் பக்கம் திரும்பினாள். "அண்ணை, நீங்களாவது சொல்லுங்கோவன்."

"பூனை பச்சை மீன்தான் தின்னும்," என்றேன் நான். "அவன் வரேக்கை அது செத்துக் கிடந்தால் அவனுக்கு நான் என்ன சொல்லுறது?"

'அவன் வரேக்கை' என்று நான் சொன்னதும் தங்கச்சி கடகத்தைத் தலையில் ஏற்றிக்கொண்டு நடந்தாள். மனைவி உள்ளே போய்விட்டாள்.

அன்று தொடக்கம் நான் காலையில் கரைக்குப் போய் நிற்பேன். கரைக்கு வந்த வள்ளத்துக்காரர் கறிக்கென்று எடுத்துவைத்ததில் ஒரு பிடி மீன் தருவார்கள். ஒவ்வொருவர் முகத்தையும் பார்ப்பேன். "அக்கரையாலை ஆரும் வந்தால் கேட்டுப் பாக்கிறம், அண்ணை," என்பார்கள். அந்த மீனை வீட்டுக்குள் கொண்டுபோகாமல், வேலியோரம் பூவரசுக்குக் கீழே குந்தியிருந்து வெட்டிக் கழுவி, ஒரு இலையில் பூனைக்கு வைப்பேன். அடுக்களை வாசலில் அவளுடைய கருவாட்டுச் சோறு இருக்கும், வேலியோரம் என் பச்சை மீன் இருக்கும். பூனை அவளுடையதைக் கடந்து நேரே என்னிடம் வரும். பூனைக்குத் தெரியும், அதுதான் என் பக்கம் நிற்கிறது என்று நான் நினைத்தேன். அப்படி நினைக்கிற அளவுக்கு வந்திருந்தேன்.

செபமும் அப்படித்தான். ஒரே செபமாலைதான் இருவரும் சொன்னோம். முடிவில் அவள் மரித்தவர்களுக்காக ஒரு பரலோக மந்திரம் சொல்லுவாள். நான் கடலில் பிரயாணம் செய்கிறவர்களுக்காக ஒன்று சொல்லுவேன். மாதாவின் படத்துக்கு முன்னால் ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டு, அதற்கு 'ஆமென்' சொல்லாமல் எழும்புவோம். எங்கள் பங்குச் சுவாமி வீட்டுக்கு வந்து, "ஒரு பூசை ஒப்புக்கொடுப்பமே," என்று மெல்லக் கேட்டார். "உயிரோடை இருக்கிறவனுக்கு அது வேண்டாம் சுவாமி," என்றேன். அவர் என் தலையில் கைவைத்துவிட்டுப் போனார்.

வாடைக்காற்று வலுத்த பிறகு ஒரு காலை. ஒரு வள்ளத்துக்காரன் இரண்டு மீன் தந்தான். வழக்கமான சின்ன மீன் அல்ல, கொஞ்சம் பெரிய விளைமீன். பூவரசடியில் குந்தி ஒன்றின் வயிற்றைக் கீறினேன். குடலை எடுத்து எறிய வேண்டியதுதானே? நான் எறியவில்லை. கத்தி நுனியால் அதைப் பிரித்து உள்ளே என்ன கிடக்கிறதென்று பார்த்தேன். நண்டு ஓட்டுத் துண்டும் கறுப்பாய் ஏதோ பாசியும். இரண்டாவது மீனை எடுத்து அதன் வயிற்றையும் பிரித்தேன். பிரிக்கும்போதுதான் நான் என்ன செய்கிறேன் என்று எனக்கு விளங்கியது.

பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று நம்புகிறவன் மீனுக்குள்ளே எதைத் தேடுவான்?

கத்தியைக் கீழே வைத்தேன். பூனை முழங்காலில் தலையை உரசிக்கொண்டு கத்தியது. அதற்கு அந்த மீனைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. இரண்டையும் மணலைக் கிண்டித் தாட்டுவிட்டு, கையைக் கழுவிக் கழுவி, அடுக்களைக்குள் போய் மேலே தொங்கிய உமலை இறக்கினேன். ஒரு துண்டு கருவாட்டை உடைத்துச் சட்டியில் போட்டு வெந்நீரை ஊற்றினேன்.

மனைவி அடுப்படியில் இருந்தாள். சட்டியைப் பார்த்தாள்.

"பச்சை மீன் கிடைக்கேல்லையோ?"

"கிடைச்சது."

"பின்னை?"

நான் உமலை மறுபடி மேலே தொங்கவிட்டேன். அவள் கையில் இருந்த அகப்பை விழுந்தது. சுவரில் சாய்ந்து அப்படியே சறுக்கிக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். அவன் போன நாள் தொடக்கம் சத்தம் போட்டு அழாதவள் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

"நீங்கள் கொண்டு வந்து வைக்கிறியள் எண்ட தெம்பிலைதானே நான் இருந்தனான்! நான் இல்லை இல்லையெண்டு சொன்னதெல்லாம் நீங்கள் ஓம், இருக்கிறான் எண்டு சொல்லுறதைக் கேக்கத்தானே! இப்ப நீங்களும் விட்டிட்டால் என்ரை பிள்ளைக்கு ஆர் இருக்கினம்?"

நான் பக்கத்தில் இருந்தேன். பூனைக்குப் பசி தாங்கவில்லைப் போலும். சரியாக ஊறாத கருவாட்டைச் சட்டியிலிருந்து இழுத்து, உப்போடு கடித்துத் தின்றது. அது கருவாடு தின்றதை அன்றுதான் கண்டேன்.

பின்னேரம் இருவரும் கோயிலுக்குப் போனோம். சுவாமி எங்களைக் கண்டதும் விளங்கிக்கொண்டார். பூசையில் சொல்லுவதற்குப் பிள்ளையின் பெயர் வேண்டும் என்றார். ஞானஸ்நானத்துக்கு அந்தப் பெயரைத் தேடிக் கொடுத்தவன் நான். படலையில் நின்று நாள்தோறும் கூப்பிட்ட பெயர். வாயைத் திறந்தேன், வரவில்லை. அவள்தான் சொன்னாள், முழுப் பெயரையும், ஒவ்வொரு எழுத்தாய்.

பூசை முடிந்த மறுநாள் அவள் தானே தங்கச்சியிடம் போய்ப் பச்சை மீன் வாங்கி வந்தாள். சூடை மீன், பூனைக்கு மட்டும். கத்தியை எடுத்துக்கொண்டு பூவரசடியில் போய்க் குந்தினாள். முகத்தை வேலிப்பக்கம் திருப்பிக்கொண்டு, கையால் தடவித் தடவி வயிற்றைக் கீறிக் குடலை வழித்து மண்ணில் போட்டு மூடினாள். விரலை வெட்டிக்கொள்ளப் போகிறாள் என்று எனக்குப் பயமாக இருந்தது.

"விடு, நான் வெட்டிறன்," என்று கையை நீட்டினேன்.

"வேண்டாம். நீங்கள் உள்ளுக்கை பாப்பியள்."

அதை நான் அவளுக்குச் சொன்னதேயில்லை. அன்று காலை அடுக்களைத் தட்டி இடுக்கால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். மீன் கிடைத்ததும் தெரியும், நான் தாட்டதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் 'கிடைக்கேல்லையோ' என்று கேட்டிருக்கிறாள். அவளுக்கு என்னிடமிருந்து ஒரு பொய் வேண்டியிருந்தது.

அந்தப் பூனை இருந்த காலம்வரை அதற்கு மீன் வெட்டினது அவள்தான்.