கண்மட்டத்தில் ஒரு தேர்ச்சீலை

எங்கள் குடும்பத்தின் தொழில் தேருக்கான துணிகளைத் தைப்பது. தேரைச் சுற்றிக் கட்டும் சீலைகள், மேலிருந்து நீண்ட குழாய்போல் தொங்கி ஆடும் தொம்பைகள். சிவப்புத் துணியின்மேல் வெள்ளையும் மஞ்சளும் பச்சையுமான துண்டுகளை யாளியாகவும் கிளியாகவும் வெட்டி வைத்துத் தைப்பார்கள். நான் இந்தக் குடும்பத்துக்கு மருமகளாக வந்தவள். கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்தேன், ஊசியைத் தொட்டதில்லை. பட்டறை என் ஓர்ப்படியின் கையில் இருந்தது. கணவரின் அண்ணன் மனைவி. அண்ணன் இறந்த பிறகும் வேலை ஒருநாள்கூட நிற்கவில்லை என்றால் அது அவரால்தான். அவர் வெட்டினால்தான் யாளிக்குக் கோபம் வருகிறது என்று என் கணவர் சொல்வார்.

குரும்பகரத்தில் பட்டறை வயலை ஒட்டி இருந்தது. ஐப்பசி மழையில் தண்ணீர் உள்ளே வந்துவிடும். நனைந்த சிவப்புத் துணியின் சாயம் வெள்ளைத் துணியில் இறங்கிவிட்டால் பிறகு அது எதற்கும் ஆகாது. கடைசியாக அப்படி ஒரு மழைக்குப் பின் காரைக்கால் நகருக்குள் வீடு தேடினோம். திருமலைராயன்பட்டினத்துக் குடும்பம் ஒன்றின் வீடு கிடைத்தது. அவர்கள் எல்லோரும் வளைகுடாவில் இருந்தார்கள். உயரமான கூரை, பின்கட்டில் பட்டறைக்குப் போதுமான இடம். முன்கூடம் மிஞ்சியது. அதைக் கலைக்கூடம் ஆக்கலாம் என்று சொன்னவள் நான்.

“தேரைப் பாக்கறதுக்கு உள்ள கூப்பிட்டு உக்கார வைப்பியா?” என்றார் என் கணவர்.

“ரிட்டயர் ஆனதுலேருந்து அவளுக்குக் கை சும்மா இருக்க மாட்டேங்குது தம்பி. நம்மளத் தூக்கிச் செவுத்துல மாட்டாம இருந்தா சரி” என்றார் ஓர்ப்படி. என்னிடம் தனியாக வேறொன்றும் சொன்னார். “வர்றேன். ஆனா அங்க எனக்கு ஒத்துக்கலன்னா பாண்டிச்சேரிக்கு மக வீட்டுக்குப் போயிடுவேன். அப்பறம் வந்து கூப்பிடக் கூடாது.”

அவர் போனால் பட்டறை இல்லை. அது எங்கள் மூவருக்கும் தெரியும்.

புதுச்சேரியில் நான் பார்த்திருந்த கூடங்களைப் போலவே இதையும் அமைத்தேன். வெள்ளைச் சுவர், ஒவ்வொரு சீலைக்கும் ஒரு விளக்கு, நின்று பார்ப்பவரின் கண்மட்டத்தில் யாளியின் முகம். திறந்த அன்று தெருவே வந்தது. ஓர்ப்படி பட்டுப்புடவையில், சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு வாசலில் நின்றார். அடுத்த தெருவில் ரவிக்கை தைக்கும் பெண் ஒருத்தி சீலையின் அருகே போய், விரலால் தையலைத் தடவிப் பார்த்தாள்.

“ஏங்க, இது சும்மா பிடிச்சு வைக்கப் போடற நூலோட்டந்தானே? இவ்ளோ எட்ட எட்டப் போட்டிருக்கு? என் கடையில இப்படித் தச்சா மூஞ்சில வீசிட்டுப் போயிடுவாங்க.”

“உன் ஜாக்கெட்டு தேர்ல ஏறாதும்மா” என்றார் ஓர்ப்படி, தட்டை அவள் பக்கம் நீட்டியபடியே.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சற்று நேரத்தில் தட்டு மட்டும் முக்காலியின்மேல் இருந்தது. அதன்பின் அவர் முன்கூடத்துக்கு வரவேயில்லை. கடைத்தெருவுக்குப் போவதென்றாலும் பின்பக்கச் சந்து வழியாகவே போய்வந்தார்.

அப்போது கையில் இருந்தது பூவம் பக்கத்துக் கோயில் ஒன்றின் தொம்பை வேலை. திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. துணியோ நகரவில்லை. உடன் தைக்கும் பெண்கள் என்னிடம் வந்து முறையிட்டார்கள்: “நெருக்கி நெருக்கித் தைக்கச் சொல்றாங்கக்கா. எறும்பு போற மாதிரி. கண்ணு போயிடும் போலிருக்கு.” எட்டிப் பார்த்தேன். ஓர்ப்படி தலை நிமிரவில்லை. தையல்கள் மணி கோத்ததுபோல் அத்தனை சிறியவை. என் கணவர் பின்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்துகொண்டிருந்தார். நான் கூடத்தில் விளக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்தேன். வாசலில் ஆட்டோ சத்தம் கேட்டால் எழுவேன், ஒருவருமில்லை என்று உட்காருவேன். ஓர்ப்படி பெட்டி கட்டுகிறாரா என்று பார்ப்பதற்காகவே ஏதோ ஒரு காரணம் சொல்லி அவர் அறைக்குள் போய்வருவேன்.

தொம்பை முடிந்ததும் வழக்கம்போல் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து தொங்கவிட்டுப் பார்த்தோம். பக்கத்தில், ஒப்பிட்டுப் பார்க்கப் பழையது ஒன்று. பிற்பகலில் கடற்காற்று ஏறியது. பழையது உப்பி, சரிந்து, திரும்பியது. அதன் கிளிகள் கிளையை விட்டு எழுவதுபோல் இருந்தன. புதியது ஈரத்துண்டைப்போல் தொங்கியது. நெருக்கித் தைத்ததில் துணிகள் ஒன்றோடொன்று இறுகி அட்டையாகியிருந்தன.

“அண்ணி, இது ஆட மாட்டேங்குது” என்றார் என் கணவர்.

“எனக்கும் கண்ணு இருக்கு தம்பி.” முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “ஊசியை எடுத்தாலே அந்த ஜாக்கெட்டுக்காரி சொன்னது காதுல கேக்குது. நான் என்ன செய்ய?”

“வேற தச்சுடலாம்க்கா” என்றேன்.

“தேருக்குத் தச்சுக் குடுத்துடுவேன். ஆனா நீ மாட்டி வச்சிருக்கியே, அதையெல்லாம் அவுத்துடு. மூக்கு முட்ட வந்து நின்னு பாக்கறதுக்கு நான் தைக்கல. அது அங்க இருந்தா நான் இங்க இருக்க மாட்டேன்.”

அந்தக் கூடத்துக்காக நான் எவ்வளவு நாள் ஆசைப்பட்டிருந்தேன் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் கேட்டார். கீழே இறங்கி, ஏணியை எடுத்துப் போட்டுச் சீலைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினேன். கழற்றியவற்றை அவர் வாங்கி மடித்தார். கடைசிச் சீலையும் இறங்கியபின் வெறும் சுவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு மாடிக்குப் போய், ஆடாத தொம்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

“இந்தா. இதைத் தேர்ல கட்ட முடியாது. உன் கூடத்துல மாட்டிக்க.”

தேருக்கான தொம்பையை எட்ட எட்டத் தைத்து, நேரத்துக்குக் கொடுத்தனுப்பினார். நாங்கள் ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தோம்.

இப்போது எங்கள் கலைக்கூடத்தில் இருப்பது அந்த ஒன்றுதான். வருகிறவர்கள் அதன் அருகே குனிந்து, இப்படியொரு நுணுக்கத்தைப் பார்த்ததில்லை என்கிறார்கள். ரவிக்கை தைக்கும் பெண்கூட வந்து தையல்களை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டுப் போனாள். எனக்கு இருப்புக் கொள்வதில்லை. அவர்களைத் தேருக்குப் போகச் சொல்கிறேன். எந்த ஊர்த் தேர், எங்கே நின்று அண்ணாந்தால் நன்றாகத் தெரியும் என்றெல்லாம் சொல்கிறேன். தலையாட்டிவிட்டு, மறுபடியும் குனிகிறார்கள்.

போன வாரம் ஒருவர் அப்படி வியந்துவிட்டுப் போனதும் பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

“என்னவாம்?”

“ரொம்பப் பிரமாதம்னு சொல்லிட்டுப் போறாருக்கா.”

“எதை? அந்த அட்டையவா?” கத்தரிக்கோல் துணியில் ஓடும் சத்தம் நிற்கவில்லை. “பாவம், வெளியூர்க்காரர் போல. தேர் பாத்திருக்க மாட்டாரு.”