செய்யாறு பிறக்கும் இடத்துக்கு அண்ணன் காட்டிய வழி

எங்கள் அண்ணன் அவர்கள் எங்களை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரில் நான் எழுதவேண்டும் என்று அண்ணியார் கேட்டபோது, ஐந்தாம் வகுப்போடு நின்றவன் என்ன எழுதுவது என்று தயங்கினேன். "மொதல் தபா அவரோட மலைக்குப் போனது நீங்கதானே? அத எழுதுங்க, போதும்" என்றார். அதனால் எழுதுகிறேன்.

அண்ணன் அவர்கள் உத்திரமேரூர் வட்டத்தில் பெருநகர் என்னும் ஊரில், செய்யாற்றங்கரையில் பிறந்தவர். எங்கள் அம்மா சிறு வயதிலேயே காலமாகிவிட்டதால் எட்டாவதோடு படிப்பை விட்டு நைனாவுக்குத் துணையாக ஏர் பிடித்தார். எனக்கு மூன்று வயதே மூத்தவர் என்றாலும் எனக்குத் தலை வாரிவிட்டவர் அவர்தான். கோடையில் ஊர்க்காரர்களோடு மாட்டு வண்டி கட்டிக்கொண்டு, புளியும் மூங்கிலும் வாங்க ஜவ்வாது மலை அடிவாரத்துக்குப் போவார். மற்றவர்கள் சரக்கு ஏற்றிக்கொண்டிருக்க, அவர் மலைமேல் ஏறிப் பார்த்துவிட்டு வருவார்.

எழுபதுகளின் நடுவில் ஒரு நாள், திருமுக்கூடலில் மூன்று ஆறுகள் கூடும் இடத்தைப் பார்க்க, மெட்ராஸ் கல்லூரி ஆசிரியர் ஒருவர் மாணவர்களை அழைத்து வந்திருந்தார். "இந்தச் செய்யாறு எங்கே பிறக்கிறது?" என்று ஒரு மாணவர் கேட்டார். எதேச்சையாக அங்கே நின்றிருந்த அண்ணன், "ஜவ்வாது மலையில சார். வர்றீங்களா, கூட்டிக்கினு போய் காட்டறேன்" என்றார். அந்த ஒரு பேச்சில்தான் அவருடைய தொழில் தொடங்கியது.

நைனாவுக்கு இது பிடிக்கவில்லை. "மலைய காட்டறது ஒரு வேலையாடா? ஊர் சிரிக்கும்" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு சம்மதித்தார். "இந்த ஒரு தபா போ. எதனா ஏடாகூடம் ஆச்சின்னா அதோட உட்டுட்டு ஏரப் புடிக்கணும். இவனும் கூட வரட்டும். நடந்தத வந்து சொல்லட்டும்" என்று என்னைக் காட்டினார். அறுப்பு முடிந்த மாசி மாதம் அது. மாணவர்கள் பத்துப் பேர், ஆசிரியர், சமையலுக்கு நான்.

செங்கம் வரை பஸ். அங்கே மாணவர்கள் கொண்டுவந்திருந்த தண்ணீர் டின்களை அண்ணன் ஒரு கடையில் இறக்கி வைக்கச் சொன்னார். "ஆத்தோட போறவன் தண்ணியச் சொமப்பானா சார்? ரெண்டு மொழம் தோண்டினா ஊத்து" என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. எங்கள் ஊரில் ஆறு எவ்வளவு காய்ந்தாலும் மணலில் ஊற்றுத் தோண்டித்தான் குடம் நிரப்புவோம்.

ஆற்றோடு மலை ஏறிய இரண்டாம் நாள் நண்பகலில் கையிலிருந்த பாட்டில்கள் எல்லாம் காலி. ஓடையில் இறங்கி அண்ணன் தோண்டினார். ஒரு சாண் மணலுக்குக் கீழே பாறை. தள்ளிப் போய்த் தோண்டினார். அங்கேயும் பாறை. மூன்றாவது இடத்தில் நானும் சேர்ந்து தோண்டி நகம் பிய்ந்தது. "எங்க தெரு கார்ப்பரேஷன் குழாயே தேவலாம்பா" என்றார் ஒரு மாணவர். யாரும் சிரிக்கவில்லை. இன்னொருவர் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டார்.

அண்ணன் மண்வெட்டியைக் கீழே போட்டார். "தப்பு என்னுதுதான் சார். எங்க ஊரு ஆத்த நெனச்சிக்கினு வந்துட்டேன். யாரும் எழுந்து நடக்காதீங்க, நெழல்லியே இருங்க" என்று சொல்லிவிட்டு, எங்கோ ஆடு கத்திய திசையில் தனியாக ஏறினார். ஒரு மணி நேரம் கழித்து, மலைக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் தலையில் குடங்களோடு முன்னால் வர, அண்ணன் பின்னால் வந்தார். நாங்கள் தோண்டிய குழிகளைப் பார்த்து அந்த அம்மாள், "ஏம்பா, பாறைக்குள்ள இன்னா பொதச்சி வெச்சிருந்த? காலையில சுனையத் தாண்டித்தானே வந்துக்கீறீங்க. ஒரு வார்த்த கேட்டா வாய் தேஞ்சிடுமா?" என்றார். ஒட்டிப்போன உதட்டோடு எல்லோரும் சிரித்தார்கள். கடைசி ஆள் குடித்த பிறகே அண்ணன் குடித்தார்.

அதன் பிறகு மலைக்காரரை முன்னால் நடக்கவிட்டு அண்ணன் பின்னால் வந்தார். மறுநாள் ஆறு பிறக்கும் இடத்தைப் பார்த்தோம். ஒரு கை அகலத்துக்கு ஈரம், அவ்வளவுதான். ஆசிரியர் வெகு நேரம் அங்கேயே நின்றார். பஸ் ஏறும்போது, "அடுத்த முறையும் நீங்கதான் கூட்டிப் போகணும்" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் நைனா என்னைத்தான் கேட்டார்: "இன்னாடா, எல்லாம் ஒழுங்கா நடந்துச்சா?" அண்ணன் மலைக்குப் போய்விட்டால் கழனி வேலை முழுவதும் என் தலையில் விழும் என்று எனக்குத் தெரியும். நான் வாய் திறப்பதற்குள் அண்ணனே ஒன்று விடாமல் சொல்லிவிட்டார். "பத்துப் புள்ளிங்க உசுரோட வெளயாடினு வந்துக்கீற. போதும், சொன்னபடி ஏரப் புடி" என்றார் நைனா. அண்ணன் தலை குனிந்து நின்றார்.

"அண்ணன் போவட்டும் நைனா. ஏர நான் பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் எதிரே வாய் திறந்தே பழகாத என்னை நைனா திரும்பிப் பார்த்து, "உனுக்குப் பேச வருமாடா?" என்றார். அதற்குமேல் தடுக்கவில்லை.

அந்த ஆண்டு முதல் பதினைந்து ஆண்டுகளுக்குமேல் அண்ணன் அவர்கள் வழிகாட்டியாகவே வாழ்ந்தார். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு வாரம் முன்பாகத் தனியே போய், மலை மக்களைக் கேட்டு, வழி முழுவதும் நடந்து பார்த்துவிட்டு வருவார். யாருடைய பிள்ளையையும் அவர் ஒரு கீறலோடுகூடத் திருப்பி அனுப்பியதில்லை. சர்க்கரை நோயால் காலில் வந்த புண் ஆறாமல் கடைசி ஆறு மாதம் படுத்திருந்தபோதும், வருகிறவர்களுக்குக் கட்டிலில் இருந்தபடியே வழி சொன்னார். ஐப்பசி மழையில், எங்கள் கண்முன்னே அமைதியாக மூச்சை நிறுத்தினார்.

இரவு பகலாகப் பார்த்துக்கொண்ட அண்ணியாருக்கும், ஊசி போட வீடு தேடி வந்த கம்பவுண்டர் ஐயாவுக்கும், சேதி கேட்டு மலையிலிருந்து இறங்கி வந்து தோள் கொடுத்த அந்த மலைக்காரருக்கும், ஆசிரியர் அவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அண்ணனோடு நான் மலைக்குப் போனது அந்த ஒரு முறைதான். வருடா வருடம் கூப்பிடுவார். நாற்று விட்டிருக்கிறேன், அறுப்பு நிற்கிறது என்று சொல்லிவிடுவேன். அவரோடு பல முறை நடந்தவர்கள் இன்று அவர் நினைவு நாளுக்கு இங்கே வந்திருக்கிறீர்கள். சாப்பிட்ட கையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையில் அவர் எப்படி இருந்தார் என்று, சற்று உட்கார்ந்து எங்களுக்குச் சொல்லிவிட்டுப் போங்கள்.